லைன் கிளியர் சொன்னவர்

அருள்,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்குப் பதில் வராமல் போனபோது லைன் கட் ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாய். கட் ஆகவில்லை. நான்தான் வைத்தேன். "பெரியப்பாவுக்குப் பத்திரிகை வைப்பீங்களா மாட்டீங்களா, அத மட்டும் சொல்லுங்கப்பா" என்றாய். "நீங்க வைக்கலன்னா நான் ஊருக்கு வந்து வைப்பேன்" என்றும் சொன்னாய். கல்யாணம் உன்னுடையது, யார் வர வேண்டும் என்று கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் இந்த விஷயத்தில் ஒரு சொல்லில் பதில் சொல்ல என்னால் முடியாது. ஒரு சொல்லில் முடித்துக்கொண்ட பதில் நம் வீட்டில் என்ன செய்தது என்று நீ முழுதாகக் கேட்டதில்லை. அப்போது நீ கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்தாய், தாத்தா அடக்கத்துக்கு மட்டும் வந்தாய், பரீட்சை என்று திரும்பிவிட்டாய். வந்த இரண்டு நாளில் நானும் பெரியப்பாவும் பேசிக்கொள்ளவில்லை என்பதை மட்டும் கவனித்திருப்பாய். அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

உன் தாத்தா வேலை செய்த இடத்தில் அவரை நீ பார்த்ததில்லை. நீ பார்த்தது, ரிட்டையர் ஆகி வடக்குத்தில் வீடு கட்டிக்கொண்டு, சாயங்காலமானால் மாதா கோயில் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களை வம்புக்கு இழுத்த மனிதரை. மைன்ஸில் அவர் எலக்ட்ரிக்கல் ஃபோர்மேன். கரி வெட்டும் மெஷினுக்குப் போகிற கேபிளிலும் பெல்ட்டை ஓட்டுகிற மோட்டாரிலும் கை வைப்பது அவர் வேலை. கை வைப்பதற்கு முன் ஒரு முறை இருந்தது. சப்-ஸ்டேஷனில் இருப்பவர் சுவிட்சை இறக்கி, எர்த் போட்டு, சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டு, போனில் இவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, இன்ன இடம், லைன் கிளியர் என்பார். கரண்டை எடுத்தாகிவிட்டது, இனித் தொடலாம் என்று அர்த்தம். இவர் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் "கரெக்ட்" என்று வந்த பிறகுதான் ஸ்பேனரை எடுப்பார். "கரண்டு கண்ணுக்குத் தெரியாது. அந்த வேலையில கண்ண நம்பக்கூடாது, காத நம்பணும்" என்பார். ஒருமுறை புதிதாக வந்த இன்ஜினியர் அவசரத்தில், "நான் சொல்றேன்யா, ஏறு" என்றாராம். "நீங்க சொல்றது தமிழ் சார். எனக்கு லைன் கிளியர் வேணும்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம். அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எழுந்து நின்று கையைக் கட்டிக் காட்டுவார்.

வீட்டிலும் அதே சட்டம்தான். கடைக்கு அனுப்பினால் வாங்க வேண்டியதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் வாசல் தாண்ட வேண்டும். அண்ணன், உன் பெரியப்பா, ஒரு எழுத்து பிசகாமல் சொல்வார். நான் வேண்டுமென்றே, "அரை கிலோ சக்கரை, கால் கிலோ அப்பா" என்பேன். அப்பா சிரித்துவிட்டு, "இப்ப ஒழுங்கா சொல்லு" என்று மறுபடி சொல்ல வைப்பார். சரியாகத் திருப்பிச் சொல்கிற பிள்ளை மேல் அவருக்குக் கொஞ்சம் கூடுதல் நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கை கடைசி வரைக்கும் மாறவில்லை.

அண்ணன் டிப்ளமோ முடித்து, அப்ரண்டிஸ் ஆகி, பர்மனென்ட் ஆகி, இன்ஜினியர் வரை வந்தார். நான் எம்.எஸ்சி. முடித்துவிட்டு அதே கேட்டில் கான்ட்ராக்ட் பாஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பல வருஷம் நுழைந்தேன். பிறகு வடலூரில் தனியார் பள்ளியில் கெமிஸ்ட்ரி எடுக்கப் போனேன், இன்னும் எடுக்கிறேன். அப்பா நினைத்திருந்தால் யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். இதையெல்லாம் உன் கல்யாண நேரத்தில் எழுத வேண்டாம் என்று உன் அம்மா சொல்கிறாள். எழுதாவிட்டால் அடுத்து வருவது உனக்குப் புரியாது. அப்பாவுக்கு உடம்பு கெட்டபோது அவர் பெயர் அண்ணனுடைய மெடிக்கல் கார்டில் இருந்தது. கார்டு யாருடையதோ அவரைத்தான் டாக்டர் உள்ளே கூப்பிடுவார். நான் வெளியே, தண்ணீர் பாட்டிலும் ஃபைலும் வைத்துக்கொண்டு நிற்கும் ஆள்.

அப்பாவுக்கு முதலில் நடக்கும்போது மார்பைப் பிடித்தது. இங்கே பார்த்துவிட்டு சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னது இரண்டு. இதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகிற வாசலில் உள்ள வால்வில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டது. அதோடு, இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்றில் பெரிய அடைப்பு. நெஞ்சைத் திறந்து இரண்டையும் ஒன்றாகச் சரிசெய்யலாம், ஆனால் அவருடைய நுரையீரலும் வயதும் அதைத் தாங்காது. தொடை வழியாகக் குழாய் விட்டுப் புது வால்வைக் கொண்டுபோய் வைக்கும் முறை வெளிநாட்டில் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, இங்கே வரட்டும், காத்திருப்போம் என்றார்கள். அது வந்தாலும் அடைப்போடு வால்வில் கை வைக்க முடியாது, வைக்கிற நேரத்தில் ரத்த அழுத்தம் இறங்கினால் இதயம் தாங்காது, அதனால் முதலில் அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்துவிடுவோம், வால்வு பிறகு. இவ்வளவும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை. "வால்வு கொஞ்சம் மக்கர் பண்ணா வருஷாந்திர ஷட்டவுன் வரைக்கும் அப்படியேதான்டா ஓட்டுவோம். லைன் அடைச்சிகினாதான் உடனே பாக்கணும்" என்று பக்கத்துக் கட்டில்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அவர் பாவம், திருத்தணிப் பக்கம் விவசாயி, மரியாதைக்குத் தலையாட்டினார்.

ஸ்டென்ட் வைத்து முடிந்ததும் டாக்டர் அண்ணனை அறைக்குள் கூப்பிட்டார். கதவு சாத்தியிருந்தது. அண்ணன் வெளியே வந்தபோது முகமெல்லாம் வேர்த்து, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். அப்பாவை அப்போதுதான் ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அண்ணன் குனிந்து அவர் கையைப் பிடித்து, "அப்பா, லைன் கிளியர்" என்றார். அப்பா அவரையே பார்த்தார். உதடு காய்ந்திருந்தது. "லைன் கிளியர்" என்று திருப்பிச் சொன்னார். "கரெக்ட்" என்றார் அண்ணன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். ஸ்ட்ரெச்சர் தள்ளிய பையன்கூடச் சிரித்தான்.

ஊருக்கு வந்த பிறகு அப்பாவுக்கு மார்வலி வரவே இல்லை. நம் வீட்டிலிருந்து மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப் போகிற வழியில் அவர் நிற்கும் இடங்கள் உனக்கு நினைவிருக்கும். மதகு. அப்புறம் சைக்கிள் கடை. அப்புறம் அந்த மஞ்சள் வீட்டு காம்பவுண்டு சுவர். மதகில் நின்றால் தண்ணீரைப் பார்ப்பதுபோலவும், சைக்கிள் கடையில் நின்றால் விசாரிப்பதுபோலவும் நிற்பார். உண்மையில் வலி அடங்குவதற்காக நிற்பார். ஸ்டென்டுக்குப் பிறகு எங்கேயும் நிற்கவில்லை. சைக்கிள் கடைக்காரர் என்னிடம், "என்ன சார், உங்கப்பா இப்பல்லாம் நம்மள மதிக்கிறதே இல்ல, நேரா போய்கினே இருக்காரு" என்று சிரித்தார். நாங்கள் சந்தோஷப்பட்டோம். இப்போது அந்த வழியில் போகும்போது எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. அந்த வலிதான் அவரை நிறுத்தி நிறுத்திக் கூட்டிக்கொண்டு போனது. அடைப்பை எடுத்தபோது அதையும் எடுத்துவிட்டார்கள். இறுகிப்போன வால்வு மட்டும் உள்ளே சத்தமில்லாமல் இருந்தது. முதலில் எடுத்தது சரிதானா என்று டாக்டர்களிடம் கேட்டால் சரிதான் என்பார்கள். சரியாகத்தான் இருக்கும். எனக்கு அந்த மதகைத் தாண்ட முடிவதில்லை, அவ்வளவுதான். நானும் அங்கே நின்று தண்ணீரைப் பார்க்கிறேன். தண்ணீர் பாதி நாள் இருப்பதில்லை.

அந்த வருஷம் கோயில் திருவிழாவில் மாதா சப்பரத்தின் முன் தண்டுக்கு அப்பா தோள் கொடுக்கப் போனார். வலி வந்த நாளிலிருந்து தோள் கொடுக்காமல் பக்கத்தில் நடந்து மட்டும் வந்தவர். இளைஞர்கள், "தாத்தா, நீங்க கைய மட்டும் வைங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். "போங்கடா, எனக்கு லைன் கிளியர் ஆயிடுச்சி" என்றார். எல்லோரும் சிரித்தோம். நம் ஊரில் அந்த வார்த்தை தெரியாத வீடு ஏது? பொழுது சாய்கிற நேரம். கோயிலிலிருந்து தெருமுனை வரை நன்றாகத்தான் நடந்தார். முனையில் சப்பரத்தை இறக்கி மறுபடி தூக்கினார்கள். தூக்கும்போது அவர் ஏதோ காதில் சரியாக விழாததைத் திருப்பிச் சொல்லச் சொல்வதுபோல முகத்தை ஒரு பக்கம் சாய்த்தார். பிறகு தோள் விலகியது. சப்பரம் ஒரு பக்கம் சரிந்தது, பின்னால் இருந்த பிள்ளைகள் தாங்கி நிமிர்த்திவிட்டார்கள். அவரை யாரும் தாங்கவில்லை. அவர் விழுந்தது எனக்கு அவ்வளவாக நினைவில் இல்லை. அந்தச் சப்பரம் சரிந்து நிமிர்ந்ததுதான் கண்ணை மூடினால் வருகிறது.

அடக்கம் முடிந்து வந்த அன்று உன் பெரியம்மா அழுதுகொண்டே, "அந்த டாக்டர் அவ்ளோ சொன்னாரே, வால்வு மாத்தற வரைக்கும் பாரம் மட்டும் தூக்கக்கூடாதுன்னு சொன்னாரே" என்றார்கள். வீட்டில் இருந்த எல்லோர் காதிலும் அது விழுந்தது.

"யார்கிட்ட சொன்னாரு அண்ணி?" என்றேன்.

அண்ணி அண்ணனைப் பார்த்தார்கள்.

"உள்ள அஞ்சு நிமிஷம் பேசினாரே, அதுல இதுவும் இருந்துச்சா?" என்று அண்ணனிடம் கேட்டேன். "அதையெல்லாம் சேத்துத்தான் ரெண்டு வார்த்தையா எடுத்துகினு வந்தியா? அவருக்கு அந்த வார்த்தைன்னா என்னன்னு உனக்குத் தெரியாது?"

"வூட்ல வந்து சொன்னேன்" என்றோ "மறந்துட்டேன்" என்றோ ஏதாவது ஒன்றைச் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதிலிருந்து அவர் வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை. அவரும் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. கல்லறைத் திருநாளுக்கு அவர் காலையில் வந்து பூ வைத்துவிட்டுப் போவார், நான் சாயங்காலம் போவேன். மெழுகுவர்த்தி உருகிக் கிடக்கும் இடத்தைத் தள்ளித்தான் என்னுடையதை ஏற்றுவேன். இடையில் ஒருநாள், ஷிஃப்டில் ஆட்களை அனுப்பும் வேலையை விட்டு ஸ்டோர்ஸுக்கு அவரே கேட்டு மாற்றிக்கொண்டு போய்விட்டதாக அவருடன் வேலை பார்த்தவர் ஒருவர் சொன்னார். "போன்ல லைன் கிளியர் குடுக்க மாட்டேங்கறாரு சார், வாய் வர மாட்டேங்குதாம்" என்றார். கேட்டபோது எனக்குத் திருப்தியாக இருந்தது. இதை மறைத்து உனக்கு என்ன ஆகப்போகிறது? நன்றாக இருந்தது.

ஆனால் அந்த வார்த்தை என்னையும் விடவில்லை. நம் தெருவில் கரண்ட் போனால் கம்பத்துக்குக் கீழே நிற்பவன் போனில் கத்துவான், "லைன் கிளியர் குடுத்தாச்சான்னு கேளு!" நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கை நின்றுவிடும். மேலே ஏறியவன் இறங்குகிறவரை ஜன்னலிலேயே நிற்பேன். உன் அம்மா இரண்டு தடவை கேட்டுவிட்டுப் பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள்.

இப்போது செசிலி அத்தை விஷயம். தாத்தாவின் தங்கையான அவர்கள் நம் வீட்டோடு இருப்பதால், அவர்களுக்கு ஸ்டென்ட் வைத்ததை உனக்கு அம்மா சொல்லியிருப்பாள். தாத்தாவுக்கு இருந்த அதே இரண்டும் அத்தைக்கும் இருக்கிறது. அதே இறுகின வால்வு, ஒரு குழாயில் அடைப்பு. இப்போது அந்தக் குழாய் வழி வால்வு நம் நாட்டுக்கும் வந்துகொண்டிருக்கிறது, அடுத்த வருஷம் வாக்கில் கூப்பிடுவோம், அதற்கு முன் அடைப்பை எடுத்துவிடுவோம் என்றார்கள். அதே வரிசை. அத்தைக்குப் பிள்ளைகள் இல்லாததால் இந்தத் தடவை உள்ளே கூப்பிட்டது என்னை.

கதவு சாத்தியதும் டாக்டர் கம்ப்யூட்டர் திரையில் காட்டினார். கறுப்பாக ஒரு ரத்தக்குழாய், நடுவில் நூலாக இளைத்து, அடுத்த படத்தில் முழுதாக விரிந்திருந்தது. அவர் நல்ல மனிதர், அவசரப்படவில்லை. மாத்திரையை ஒருநாளும் நிறுத்தக்கூடாது என்றார். பல் பிடுங்குவதானாலும் கேட்டுவிட்டுத்தான் என்றார். வலி போய்விட்டால் நோய் போய்விட்டதாக நினைக்கக்கூடாது, வால்வு அப்படியேதான் இருக்கிறது, பாரம் தூக்கக்கூடாது, படி ஏறக்கூடாது, தலை சுற்றினால் அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும் என்றார். எல்லாம் கேட்டேன். தலையாட்டினேன். நான் கெமிஸ்ட்ரி எடுப்பவன், பாதிக்கு மேல் புரிந்தது. ஆனால் என் கண் அந்த இரண்டாவது படத்திலேயே இருந்தது. விரிந்துவிட்டது, விரிந்துவிட்டது என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டிருந்தது. வெளியே வந்தேன். அத்தையைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அத்தை கழுத்தைத் தூக்கி, "என்னாடா, முழிச்சிகினு நிக்கிற? இருக்கனா, போறனா?" என்றார்கள்.

"லைன் கிளியர் அத்தை" என்றேன்.

என் வாயிலிருந்துதான் வந்தது, அருள். ஐந்தாறு வருஷமாக அந்த வார்த்தையை வெறுத்துக்கொண்டு இருந்தவன் வாயிலிருந்து. டாக்டர் சொன்ன மாத்திரையும் வரவில்லை, வால்வும் வரவில்லை, பாரமும் வரவில்லை. பயம் இறங்குகிற நேரத்தில் சொல்வதற்கு இந்த ஊரில் வளர்ந்த எனக்கு வேறு வார்த்தை இல்லை.

அத்தை சிரிக்கவில்லை. "அவன் சொன்னா கொலை, நீ சொன்னா ஆறுதலாடா?" என்றார்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "ஒழுங்கா சொல்லு" என்றார்கள். அப்பாவின் தங்கை அல்லவா, குரல் அதேபோல இருந்தது. அந்த வராண்டாவிலேயே, நர்ஸ் நகரச் சொல்லியும் நகராமல், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அத்தை ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார்கள். பாரத்துக்கு வந்தபோது, "கொடம்கூடவா?" என்றார்கள். "கொடம்கூட" என்றேன். வீட்டுக்கு வந்த பிறகும் தினமும் சொல்கிறேன். நேற்று, "கிளிப்பிள்ள மாதிரி என்னை ஆக்கிட்ட" என்று திட்டினார்கள்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குப் பெரிய தகுதி இல்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள். உன் மனைவிக்கோ நாளை உன் பிள்ளைக்கோ ஏதாவது ஒன்று என்று நீ ஒரு அறைக்குள் போய்க் கேட்டுவிட்டு வந்தால், நல்ல செய்தியாக இருந்தாலும் அதைச் சின்னதாக்கிக் கையில் கொடுக்காதே. கெட்ட செய்தியை எல்லோரும் கவனமாகச் சொல்வார்கள். நல்ல செய்தியில்தான் பாதி விட்டுப்போகிறது. அப்புறம், இது நம் குடும்பத்தில் இரண்டு பேருக்கு வந்துவிட்டது. கல்யாணத்துக்கு வரும்போது இதயத்துக்கு ஒரு எக்கோ ஸ்கேன் எடுத்துக்கொள். நானும் எடுக்கிறேன்.

நேற்று சாயங்காலம் உன் அம்மாவோடு டவுன்ஷிப்புக்குப் போனேன். கம்பெனி பஸ் எங்களைத் தாண்டிப் போனது, ஷிஃப்ட் முடிந்து வருகிற ஆட்கள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு போனார்கள். அண்ணன் குவார்ட்டர்ஸ் கேட்டில் அதே பச்சைப் பெயின்ட். உன் அம்மா தட்டில் பத்திரிகையும் பழமும் வைத்துக்கொண்டு முன்னால் போனாள். மன்னித்துவிட்டீர்களா என்று நீ கேட்காதே, எனக்குத் தெரியாது. அந்த வார்த்தையைச் சொன்ன இரண்டு பேரில் ஒருவன் ஆகிவிட்டேன், அந்த வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அண்ணனே கதவைத் திறந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது. பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அண்ணி உன் அம்மாவை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். நாங்கள் இரண்டு பேரும் வாசலில் நின்றோம். வெகுநேரம் பத்திரிகையில் உன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலை நிமிராமல், "அத்தைக்கு எப்படி இருக்கு?" என்றார்.

நாக்கில் அந்த வார்த்தைதான் முதலில் வந்தது. விழுங்கினேன். "அடைப்ப எடுத்தாச்சுண்ணே. வால்வு அப்படியேதான் இருக்கு. வலி இல்லன்னாலும் பாரம் தூக்கக்கூடாது. வால்வு மாத்தற வரைக்கும்" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இப்படித்தான் சொல்லியிருக்கணும்" என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். வந்தபோது அதை வாங்கி வைக்க என்னிடம் இடம் இல்லை. அவர் பத்திரிகையை மார்போடு பிடித்துக்கொண்டு, சின்ன வயதில் கடைக்குப் போகும்முன் வாசலில் நின்று சொல்வாரே, அதேபோல ஒரு எழுத்து பிசகாமல் திருப்பிச் சொன்னார்.

"அடைப்ப எடுத்தாச்சு. வால்வு அப்படியேதான் இருக்கு. வலி இல்லன்னாலும் பாரம் தூக்கக்கூடாது. வால்வு மாத்தற வரைக்கும்."

"கரெக்ட்" என்றேன்.

அப்பா